ஒன்றே முக்கால் அங்குலம்

என் வீட்டுக்காரர் அளவு எடுக்காமல் யாருடைய துப்பாக்கியிலும் கை வைக்க மாட்டார். கிளப் தலைவரே வந்தாலும் சரி, பட்டறைத் தரையில் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டில் போய் நிற்க வேண்டும். "கண்ண மூடிக்கோங்க சார். தூக்கித் தோள்ல வைங்க. இப்பத் திறங்க." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில்கூட வரும். கண் திறந்திருந்தால் ஆள் கழுத்தை வளைத்து, தோளை ஏற்றி, துப்பாக்கிக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டுவிடுவானாம். கண்ணை மூடினால்தான் உடம்பு உள்ளதைச் சொல்லுமாம். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுப்பார். விசையிலிருந்து, தோளில் பதியும் மரக்கட்டையின் அடி வரைக்கும் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று சொல்லுவார்.

அந்தக் கோட்டில் நிற்காத ஒரே ஆள் என் தம்பி.

அவனுக்கும் இவருக்கும் ஒரே உயரம், ஒரே கை நீளம். இவருக்கு எடுத்த சட்டையை அவன் போட்டுக்கொண்டு போனால் தைத்தவருக்கே தெரியாது. அதனால் தம்பிக்கு எது செய்தாலும் இவர் தன் தோளிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். "எனக்குச் சரின்னா மாப்ளைக்கும் சரி" என்பார். கூடப் பிறந்த எனக்கே சில நேரம் பொறாமையாக இருக்கும்.

பகலில் இவருக்குக் கதவு, ஜன்னல் செய்யும் இடத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட அறையில் துப்பாக்கிக் கட்டை வேலை. ஊருக்கு வெளியே ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே ஒரு இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். அங்கே சுடுகிறவர்களின் துப்பாக்கிகள்தான் இவரிடம் வரும். முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டு உடைக்க இத்தனை ஆர்ப்பாட்டமா? பாத்திரம் கழுவும்போது நான் சத்தமில்லாமல் உடைக்காததா?

ஒருநாள் ரிப்பேர் பார்த்த கட்டையைக் கொடுக்கப் போன இடத்தில், நீங்களும் ஒன்று சுட்டுப் பாருங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தட்டு பொடிப்பொடியாகப் போனதாம். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் கல்யாணப் போட்டோவில் தேடினாலும் அந்தச் சிரிப்பு கிடைக்காது. சீட்டு கிடையாது, சினிமா கிடையாது, நண்பர்கள் என்று ஒரு கூட்டம் கிடையாது. அதிகம் பேசவும் மாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. நான் எதற்குக் குறுக்கே நிற்கப் போகிறேன்?

இவரும் தம்பியும் சேர்ந்து ஒரு துப்பாக்கி வாங்கினார்கள். இரண்டு குழல், ஒன்றின் மேல் ஒன்று. ஆளுக்குப் பாதி. பட்டறைக்கு ரிப்பேர் பார்க்க மட்டும்தான் அனுமதி; சொந்தமாக வைத்துக்கொள்ள வேறு லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது இவருக்கு ஆகாத காரியம். லைசென்ஸைத் தம்பி தன் பெயரில் வாங்கினான். துப்பாக்கியும் அவன் வீட்டிலேயே இருந்தது. மாமன் மச்சானுக்குள் என்ன பெயர் வேண்டிக்கிடக்கிறது என்று அன்றைக்கு மூன்று பேருமே நினைத்தோம்.

கட்டை இருவருக்கும் கச்சிதம். பதினாலே முக்கால் அங்குலம். தம்பி சுட்டுவிட்டுக் கொடுப்பான். இவர் வாங்கிச் சுடுவார். வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் ஜோடிப் போட்டி நடக்கும். போன முறை இரண்டாவதாக வந்தார்கள். ஒரே ஒரு தட்டில் கோப்பை போனது. தவறவிட்டது இவர்தான். அதிலிருந்து இந்த வருஷப் போட்டிக்காக இவர் ஏங்கிக் கிடந்தார். சோறு பிசையும்போதுகூட இடது கை மேஜைக்கடியில் தட்டைத் துரத்திக்கொண்டிருக்கும். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் தம்பி துப்பாக்கியோடு வந்தான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தான்.

"மாமா, இனிமே என்னால முடியாது போலிருக்கு. வண்டியில இருந்து விழுந்ததுல தோள் போச்சு. கைய முழுசா நீட்ட முடியல. சுட்டா அந்த உதை உச்சந்தலை வரைக்கும் ஏறுது."

"அதுக்கென்ன மாப்ளே. அடியில ரப்பர் மெத்தை வச்சுட்டா உதையை அது வாங்கிக்கும்."

"ரப்பர் மட்டும் பத்தாது மாமா. நீளத்தையும் குறைக்கணும். தோளுக்கு வைத்தியம் பாக்குறவரு அளவே சொல்லிட்டாரு. பதிமூணே முக்கால். அது முடியாதுன்னா இந்த வருஷம் ஜோடிக்கு நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க."

இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "ஒரே ஒரு தடவ கோட்டுல நில்லு. பாத்துடலாம்" என்றார்.

"தூக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு மாமா. வெளியாளை மாதிரி என்னைப் போயி நிக்க வைக்கறீங்க? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"சே, என்ன பேச்சு இது."

அதோடு முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆளை நிறுத்தாமல், தன் தோளிலும் வைத்துப் பார்க்காமல், வாயால் சொன்ன ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கட்டை குட்டையாக இருந்தால் சுடும்போது நம்முடைய கட்டைவிரலே நம் மூக்கில் வந்து இடிக்கும் என்று இவரே எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அவனுக்குக் குறைச்சுட்டா உங்களுக்கு எப்படி? உங்க மூக்குக்கு யார் பொறுப்பு?"

"நான் சமாளிச்சுக்கறேன். அவன் விட்டுட்டான்னா எனக்கு யாரு இருக்கா?"

நான் விளக்கை எடுத்துவரப் போனேன்.

கட்டையின் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று இருந்தது, கால் அங்குலம். புது ரப்பர் ஒரு அங்குலம். தகட்டைக் கழற்றி ரப்பரை வைத்தாலே நீளம் முக்கால் அங்குலம் கூடிவிடும். அதைக் கழித்து, மேற்கொண்டு ஓர் அங்குலம் குறைய வேண்டும். ஆக மரத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் போக வேண்டும். நல்ல வால்நட் மரம் அது. தேன் நிறத்தில் கறுப்பு ரேகை ஓடும். வெட்டினால் வெட்டியதுதான், திரும்ப முளைக்காது. சில்லு பெயராமல் இருக்க வெட்டும் இடத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டினார். கோட்டைப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். ரம்பத்தை வைத்துவிட்டு எடுத்துவிட்டார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு அறுத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துண்டு மேஜையில் விழுந்தது. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டையோடு, பிஸ்கட் தடிமனில்லை, நல்ல ரொட்டித் தடிமன்.

வெட்டிய முகத்தைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினார். மரம் ஈரம் குடிக்காமல் இருக்க வார்னிஷ் கொடுத்தார். ரப்பரில் திருகாணி போகும் இடத்தில் சோப்பைத் தடவி, ரப்பர் கிழியாமல் திருப்புளியை உள்ளே விட்டார். ரப்பர் கட்டையைவிடச் சுற்றிலும் பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும்; அதைக் கட்டையின் வடிவத்துக்கு இயந்திரத்தில் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். அன்று வீடு முழுக்க ரப்பர் கருகும் நாற்றம். காயப்போட்ட துணியெல்லாம் திரும்பத் துவைத்தேன். ஆனால் முடித்துக் கொண்டுவந்து காட்டியபோது, மரம் எங்கே முடிந்தது, ரப்பர் எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியவில்லை. எல்லாரும் கறுப்பு ரப்பர்தான் போடுவார்கள். மரத்தோடு சேர வேண்டும் என்று தேடிப் பிடித்து இவர் பழுப்பு வாங்கியிருந்தார்.

வெட்டிய துண்டையும் இவர் எறியவில்லை. கட்டையோடு ஒட்டியிருந்த பக்கத்திலிருந்து ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வில்லை சீவினார். இரண்டு நீளத் திருகாணி தேடி எடுத்தார். இவர் முறை வரும்போது ரப்பரைக் கழற்றி, இடையில் இந்த வில்லையை வைத்து முடுக்கினால் பழைய நீளம் வந்துவிடும். வைத்தும் காட்டினார். ரேகைகூட விடுபடாமல் ஓடியது.

"பாரு, அவனுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்றார். பரீட்சையில் பாசான பிள்ளை முகம்.

தம்பி வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். "வில்லை உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. போட்டி அன்னைக்குக் கொண்டாங்க. அதுவரைக்கும் நான் தோளுக்கு ஓய்வு குடுக்கறேன், ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வர மாட்டேன்" என்றான். நான் சாப்பிடச் சொன்னேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கையால் போட்ட சோறு.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இவர் வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். ஒழுகாத குழாயையெல்லாம் கழற்றி மாட்டினார். ஒரு ஞாயிறு யாருக்கோ கட்டை கொடுக்க மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நீயும் வாயேன்" என்றார். நான் அதுவரை அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால் நின்றோம். முன்னால் ஒரு குட்டையான ஆள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குரல் கொடுத்தார், தட்டு கிளம்பியது, துப்பாக்கி தோளுக்குப் போனது. தட்டு தூள். இன்னொன்று, அதுவும் தூள். இவர் என் கையைத் தட்டினார்.

"பாரேன், அந்த ஆளுக்குத் துப்பாக்கி எப்படி உக்காருதுன்னு. கழுத்து வளையல, தோள் ஏறல. யாரோ நல்லா வேலை பாத்திருக்கான்."

அந்த ஆள் திரும்பினார். துப்பாக்கியின் அடிப்பக்கம் எங்களைப் பார்த்தது. பழுப்பு ரப்பர்.

இவர் கை என் கைமேல் இருந்தபடியே இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. அப்போது பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒருவன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, "அப்படிப் போடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். என் தம்பி. நீட்ட முடியாத கை.

எங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. தூக்கிய கையை இறக்கினான். இறக்கிய பிறகு ஞாபகம் வந்தவன்போல் தோளைப் பிடித்துக்கொண்டான். மற்றதையெல்லாம்கூட ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். தோளைப் பிடித்தானே, அதை மறக்க மாட்டேன்.

குட்டை மனிதர் மருந்துக்கடைக்காரர். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. இவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"நீங்கதான் அந்தக் கட்டைக்காரரா? பிரமாதம் சார்! எனக்குக் கை குட்டை, எதுவுமே அமையாது. என் அளவுக்கு ஆக்கிக் குடுத்தா வாங்கிக்கறேன்னு உங்க மச்சான்கிட்டச் சொன்னேன். சொன்ன மாதிரியே முடிச்சுக் குடுத்துட்டாரு. ஜோடிப் போட்டிக்கும் நாங்க ரெண்டு பேரும் பேர் குடுத்தாச்சு."

"மாமா, நானே வீட்டுக்கு வந்து சொல்லணும்னுதான்..." என்று தம்பி இழுத்தான்.

இவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மருந்துக்கடைக்காரரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கும்போது ரப்பரோட மேல்முனை சட்டையில மாட்டுதா சார்?" என்று கேட்டார்.

"ஆமா, லேசா."

"ஆளைப் பாக்காம செஞ்சது. பட்டறைக்குக் கொண்டாங்க, முனையைத் தேய்ச்சு உருட்டித் தர்றேன்."

வழியெல்லாம் நான்தான் பேசினேன். கூடவே இருந்து குழி பறித்தானே, இடுப்பில் தூக்கி வளர்த்தேனே என்று பொரிந்து தள்ளினேன். இவர் வீட்டுப் பூட்டில் சாவியை விட்டுக்கொண்டே, "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். "அறுக்கும்போது கை நடுங்கக் கூடாதுன்னு இருந்தேன். மாப்ளைக்கு வலிக்குமேன்னு."

அப்போது அவர் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

மறுநாள் தம்பி போன் செய்தான். மாமாவின் பங்கைக் கொடுத்துவிடுகிறேன், நேராகக் கேட்டால் மாமா சம்மதிக்க மாட்டார், புதுசாக ஒன்று பார்த்து வைத்திருந்தேன், கை மீறிப் போய்விடும் என்று அவசரப்பட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"வித்தது கூடப் போகட்டும்டா. அவர் கையாலேயே அறுக்க வச்சியே. அதுக்கு என்ன பங்கு குடுப்பே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜோடிப் போட்டியில் அவர்கள் ஜெயித்தார்கள். தோற்றிருந்தால் எனக்குச் சொல்லச் சுகமாக இருக்கும், ஆனால் ஜெயித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ரப்பர் முனையை உருட்ட வந்தபோது கோப்பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இதுல பாதி உங்களுக்குத்தான் சார்" என்று வெள்ளை மனசோடு மேஜையில் வைத்தார். இவர் அதைப் பூவைத் தூக்குவதுபோல் தூக்கி ஜன்னலில் வைத்தார், தூசி படும் என்று. பிறகு அவரைக் கோட்டில் நிறுத்தினார், கண்ணை மூடச் சொன்னார், முனையை உருட்டிக் கொடுத்தார். கோப்பை போன பிறகும் அந்த ஜன்னலை இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வெறும் கிழமை ஆனது. வில்லை மட்டும் பட்டறை அலமாரியில் கிடந்தது. எடுத்து அடுப்பில் போடட்டுமா என்று கேட்டேன். "கிடக்கட்டும், நல்ல மரம்" என்றார்.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம் தம்பி வந்து நின்றான். தோளில் உறை. உள்ளே அவனுடைய புதுத் துப்பாக்கி. கதவை முகத்தில் சாத்தலாமா என்று யோசித்தேன். கூடப் பிறந்த பாவம், கை வரவில்லை. பட்டறையிலிருந்தே இவர், "உள்ள வரச் சொல்லு" என்றார். தம்பி முகம் மலர்ந்துபோனது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டான். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

"மாமா, இது கடையில வாங்கினபடியே இருக்கு. ரப்பர் போட்டு, நம்ம நீளத்துக்குக் கொண்டு வந்துடுங்க. எத்தனையோ பேர்கிட்டக் காட்டினேன், உங்க கை மாதிரி வராது."

இவர் துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலும் காலியா என்று பார்த்தார். மூடி அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கோட்டுல நில்லுங்க சார்."

தம்பி சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மெதுவாகப் போய்க் கோட்டில் நின்றான்.

"கண்ண மூடிக்கோங்க சார். தூக்கித் தோள்ல வைங்க."

தூக்கினான். கை முழுதாக நீண்டது. ஒரு முனகல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. கண் மூடியிருக்கும்போது உடம்பு உள்ளதைச் சொல்லும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. இவர் டேப்பை வைத்து நிதானமாக அளந்தார். ஒருமுறைக்கு இருமுறை.

"பதினாலே முக்கால்" என்றார்.

தகரக் கூரைக்குக் கீழே அந்த எண் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது. தம்பி கண்ணைத் திறக்கவில்லை. அலமாரியில் அந்த வில்லை இருப்பதை உள்ளே வரும்போதே பார்த்திருப்பான்.

"இப்பத் திறங்க சார். ரப்பரைத் தேய்ச்ச பிறகு ஒரு தடவ வரணும், முனையை உருட்டும்போது இன்னொரு தடவ வரணும்."

"மாமா..." தம்பி துப்பாக்கியைக் கீழே இறக்கினான். "நான் எதுக்கு மாமா வரணும்? நீங்க உங்க தோள்ல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடுமே. எப்பவும் அப்படித்தானே செய்வீங்க."

இவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மத்தவங்க துப்பாக்கியை நான் என் தோள்ல வச்சுப் பாக்கறதில்ல சார்."

அவன் சொன்னபடி வந்தான், சொன்ன இடத்தில் நின்றான். வேலை முன்னைவிட நன்றாகவே அமைந்தது. இவருக்கு அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும் துப்பாக்கி அது; எத்தனையோ சாயங்காலம் மேஜைமேல் எங்கள் கண்ணெதிரே கிடந்தது. உறையில் போட்டுக் கொடுக்கும்வரை அதை ஒரு தடவைகூட இவர் தன் தோளுக்குத் தூக்கவில்லை.